துளையானின் இடது கன்னம்

“ஈ மூஞ்சில பெயின்ட் அடிக்கிற புள்ளைக்கு எந்த ஸ்கூல்ல லா இடம் குடுப்பான்?”

அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டியிருந்த சிவப்புச் சாயத்தைத் துணியால் தேய்த்தபடி, உண்மையாகவே சந்தேகம் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். துணி சாயம் கழற்றும் தின்னரில் நனைந்திருந்தது. எங்கள் வீட்டின் வாடையே அதுதான். ஃபேரர் பார்க் அடுக்குமாடியின் நடைவழியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எங்கள் கதவைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் வீட்டில் சாம்பிராணி, அடுத்ததில் இறால் அரைத்த பெலாச்சான், அதற்கடுத்துத் தின்னர் வீசினால் நாங்கள்.

அடுப்படியிலிருந்து அம்மா, “டீச்சரே எழுதிப் போட்டுட்டாங்க. போய்ட்டுதான் வரட்டுமேங்க” என்றார்.

“போவட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? கேக்குறேன், அவ்ளோதான்.”

போன வாரம் நம் பழைய வகுப்பின் கைப்பேசிக் குழுவில் ஒருத்தி தன் அக்கா மகனுக்காகக் கேட்டிருந்தாளே, நேரடிச் சேர்க்கை நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று. நீங்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். நான் பதில் எழுதத் தொடங்கினேன், அழித்தேன், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாக உங்கள் திரையில் வெகுநேரம் தெரிந்திருக்கும். கடைசியில் ஒன்றும் வரவில்லை. அன்று வராததுதான் இது.

நம் பள்ளிக்கு வருவதற்கு முன், தொடக்கநிலை ஆறாம் வகுப்பில், நானும் அப்படி ஒரு நேர்முகத்துக்குப் போனேன். இறுதித் தேர்வு எழுதுவதற்கு முன்பே, பந்தோ வயலினோ ஓவியமோ கைவந்த பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகள் பார்த்து எடுத்துக்கொள்ளும் வழி அது. நான் போனது ஓவியத்துக்கு. கொண்டுபோனது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஆறு பிளாஸ்டிக் வீரர்கள்.

*

அம்மா தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் காய் நறுக்கினார். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வெங்காய மூட்டைமீது உட்கார வைத்தால் மூட்டை சரியும். பாத்திரம் கழுவுமிடத்தில் நின்றால் யாராவது வழுக்குவார்கள். கடை முதலாளி என்னைப் பார்க்கும் பார்வையிலேயே நான் வெளியே போய்விடுவேன். ஜாலான் புசார் வரை நடந்து, திருகாணிக் கடைகளின் முன்னால் தொங்கும் சங்கிலிகளை எல்லாம் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே திரும்பி வருவேன். கை இரும்பு வாசம் அடிக்கும்.

அப்படி ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஏறிய மாடிப்படியில்தான் ஒரு கடையைக் கண்டேன். கீழே பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் கடை, மேலே பலகை விளையாட்டுக் கடை. நீளமான மேசையில் ஒரு நகரத்தையே விரித்து வைத்திருந்தார்கள். அட்டையில் செய்த கட்டடங்கள், குறுக்குத் தெருக்கள், ஒரு பாலம். சுற்றிலும் ராணுவத்தில் தேசிய சேவை முடித்த வயதுப் பையன்கள் நின்று பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீரன். ஒருவன் பறப்பான், ஒருவன் பேருந்தைத் தூக்குவான், ஒருத்தி தன் நிழலை நீட்டி எதிரியின் காலைத் தடுக்குவாள். ஆனால் எல்லாரும் ஒரே சாம்பல் நிறம். அத்தனை வீரமும் சிமென்டில் செய்ததுபோல இருந்தது.

ஏன் யாருக்கும் நிறமில்லை என்று கேட்டேன். சாயம் தனியாகப் பூச வேண்டும், யாருக்கும் பொறுமை இல்லை என்றார் கடைக்கார அங்கிள். சீனர், நாற்பது வயதிருக்கும், எப்போதும் இருமுவார். அவர் ஒருவனுக்குப் பூசிப் பார்த்திருந்தார். கெச்சாப்பில் விழுந்தவன் மாதிரி இருந்தான் அவன். மூடி கிழிந்ததால் விற்காமல் போன ஒரு வீரர் பெட்டியையும், முடி கழன்ற தூரிகை ஒன்றையும், காய்ந்துபோகத் தொடங்கிய சில சாயப் புட்டிகளையும் என் பக்கம் தள்ளினார். பூசிக் கொடுத்தால் கடை மேசையில் நிறுத்துவாராம். அவ்வளவுதான் பேச்சு. சொல்லிக்கொடுக்க அவருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினேன். வீரனின் முகம் ஒரு துவரம்பருப்பு அளவு. கண் கசகசாவில் பாதி. தலைவலித் தைலப் புட்டியின் மூடியில் அவனை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்வேன். தூரிகையின் முடியை அம்மாவின் கத்தரியால் வெட்டி வெட்டி, கடைசியில் நாலைந்து முடி மிஞ்சும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளியில் கண்ணை வைக்க வேண்டும். உட்காராத என் கால்கள் அப்போது மட்டும் உட்காரும். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவேன்.

பெட்டிப் படத்தில் எல்லாரும் இளஞ்சிவப்பாக இருந்தார்கள். நான் மண்ணிறத்தில் மஞ்சள் கலந்து, என் புறங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து, நிறம் தெரியாமல் மறையும்வரை கலந்தேன். முதல் வீரனை மேசையில் நிறுத்திய அன்று ஒரு பையன் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன இவன் இவ்வளவு கறுப்பாகிவிட்டான் என்று கேட்டான். நாள்பூராவும் வெயிலில் பறக்கிறவன் கறுக்காமல் என்ன செய்வான் என்றேன். மேசையே சிரித்தது. அதன்பின் அவர்கள் தங்கள் ஆட்களையும் என்னிடம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

*

அப்பா துவாஸில் கப்பலுக்குச் சாயம் அடித்தார். விடியுமுன் கம்பெனி லாரி வரும். ஏணிமீது ஏணி கட்டி, ஐந்தாறு மாடி உயரக் கப்பலின் வயிற்றில் சாயம் பீய்ச்சுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தம்பி தங்கைகளுக்குச் சோறு வேண்டியிருந்தது. அம்மா புதுக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டில் பள்ளியை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்பாவுக்கு என் வேலை முதலில் வேடிக்கையாக இருந்தது. “நான் ஒரு நாள்ல அடிக்கிற பெயின்ட்டு உனக்கு ஏழு ஜென்மத்துக்கு வரும்” என்பார். ஒருநாள் நான் வீரனின் மார்பில் நேர்கோடு போட முடியாமல் அழுததைப் பார்த்துவிட்டு, மறுநாள் துவாஸிலிருந்து மறைப்பு நாடா ஒரு சுருள் கொண்டுவந்தார். கப்பலில் கோடு போட அதுதான் வழியாம். இரண்டு விரல் அகலம். ஒட்டினால் வீரன் தலை முதல் கால் வரை காணாமல் போனான். அப்பா சற்றுநேரம் அந்தச் சுருளையே பார்த்தார். பிறகு, “இவன் சின்னக் கப்பலு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மாவுக்குச் சந்தேகங்கள் வேறு. “எல்லாரும் துண்டைத் தோள்ல போடாம முதுகுல ஏன்டி கட்டியிருக்கானுங்க?” அது துண்டு இல்லை, பறக்கும்போது விரியும் என்று விளக்கினேன். “பறக்கிறவனுக்கு அது தடுக்காது?” என்றார்.

பள்ளியில் ஓவிய ஆசிரியை என் பென்சில் பெட்டியில் ஒரு வீரனைப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் நேரடிச் சேர்க்கைக்கு என் பெயரை அனுப்பினார். ஓவியத்துக்கென்றே தனி வகுப்பு வைத்திருந்த பள்ளி அது. அங்கே உயரமான சன்னல்களும், களிமண் சுடும் உலையும் இருப்பதாகச் சொன்னார். உலை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இரவு படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளியில் எனக்கு இடம் வேண்டும். அதற்குமுன் எதையும் அப்படி வேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில் இருந்த பெயர்கள் பிடிக்காமல் நானே பெயர் வைத்திருந்தேன். நிழல் நீட்டுபவள் நிழலி. பேருந்து தூக்குபவன் இடிக்கையன். எனக்கு மிகவும் பிடித்தவன் துளையான். எந்தக் குண்டும் அவனைத் துளைக்காது. அவனுக்குப் பச்சை அங்கி, மார்பில் ஒரு மஞ்சள் வளையம். ஆறு பேரின் கண்களையும் கடைசியாகத்தான் வைத்தேன். துளையானின் கண்ணை வைத்து முடித்தபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஓரடி பின்வாங்கினார்.

“என்னையே பாக்குறான்டி.”

“நல்லாருக்காம்மா?”

“ரொம்ப நல்லாருக்கு” என்றார் அம்மா. அதைச் சொன்ன விதத்தில் ஏதோ கவலை இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

*

நேர்முகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், டின்னைக் கொடு, தூசி தட்டிப் பஞ்சு வைத்துத் தருகிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டார். காலையில் இறுக மூடிக் கொடுத்தார். அப்பாவுக்கு வேலை. நானும் அம்மாவும் பேருந்தில் போனோம். அம்மா தீபாவளிச் சேலை கட்டியிருந்தார். நான் வழியெல்லாம் டின்னைத் திறக்காமல் மூடிமீது விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

காத்திருக்கும் கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தங்களைவிடப் பெரிய கறுப்புப் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையனின் அப்பா ஒவ்வொரு ஓவியத்தையும் வெளியே எடுத்து, அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் கேட்டார். அம்மா என் காதில், “உன்னுது மட்டும்தான் மடியில வச்சுக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஓர் ஆசிரியர், இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியைகள். டின்னைத் திறந்து ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, யாருக்கு என்ன வீரம் என்று சொன்னேன். ஓர் ஆசிரியை உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் குனிந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“இது என்ன, மச்சமா?”

நானும் குனிந்து பார்த்தேன். துளையானின் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நிழலியின் கன்னத்திலும். இடிக்கையன் கன்னத்திலும். ஆறு பேருக்கும். கண்மை. பல்குத்தும் குச்சியின் முனையால் தொட்டு வைத்திருக்க வேண்டும். என்னிடமிருந்த எந்தத் தூரிகையாலும் அவ்வளவு வட்டமாக வைத்திருக்க முடியாது.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னேன். அம்மா வைத்தது, அழகாக இருப்பவர்கள்மேல் மற்றவர்களின் கண் படும், பட்டால் கெடுதல், அது நடக்காமலிருக்க இது.

“இவனை எந்தக் குண்டும் துளைக்காது என்று இப்போதுதானே சொன்னாய்? பிறகு எதற்கு?”

“குண்டு வேறு, கண் வேறு மிஸ்” என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். கேலியில்லை, எனக்குச் சிரிப்பின் வகைகள் அந்த வயதிலேயே தெரியும். உருப்பெருக்கி கைமாறியது. கடைசியில் நடுவிலிருந்தவர் துளையானைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். பாதத்துக்கு அடியில் ஏதோ கம்பெனியின் முத்திரை இருந்தது.

இந்த உருவங்களை யார் செய்தது என்று கேட்டார். பெட்டியில் வந்தவை என்றேன். அப்படியானால் நீ செய்தது நிறம் மட்டும், இல்லையா என்றார். ஆமாம் என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. நீயே உருவாக்கியது ஏதாவது கொண்டுவந்திருக்கிறாயா, ஒரு படம், ஒரு களிமண் பொம்மை? இல்லை என்றேன். அவர் துளையானை மெதுவாக, நின்ற இடத்திலேயே நிறுத்தினார்.

அன்று மாலை வீட்டில் ஒன்று விடாமல் சொன்னேன். உருப்பெருக்கி, மச்சம், சிரிப்பு, கடைசிக் கேள்வி. அப்பாவுக்கு அந்தக் கடைசிக் கேள்வி பிடிபடவேயில்லை.

“அது என்ன கேள்வி? கப்பலை நானா செஞ்சேன்? பெயின்ட்டுதான் அடிக்கிறேன். பெயின்ட் அடிக்காத கப்பலை எவனாச்சும் கடல்ல எறக்குவானா?”

*

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எழுதுவதற்கே கை பரபரக்கிறது. பள்ளி விட்டதும் ஓடிவந்து கடிதப் பெட்டியைத் திறப்பேன். பிறகு மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறுவேன். விளையாட்டுக் கடைக்குப் போனாலும் நிற்க மாட்டேன். பகடையை எடுத்து யார் முறை என்று பார்க்காமல் உருட்டிவிட்டு வந்துவிடுவேன். கணக்குப் பயிற்சித் தாளின் ஓரங்களில் எல்லாம் கண்கள் வரைந்தேன்.

கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். எனக்கு இடமில்லை. வாசித்துத் தமிழில் சொன்னதும் நான்தான், தம்பி அப்போது சின்னப் பிள்ளை, வீட்டில் வேறு யார் வாசிக்க?

அப்பா கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “கண்ணாடி வச்சுப் பாக்குறவன் கண்ணுல கறுப்புப் புள்ளி படாதா? அழுக்குன்னு நெனச்சிருப்பான். புள்ள பாத்துப் பாத்துச் செஞ்சதுல நீ ஏன் கை வச்ச?” என்றார்.

அதனால் இல்லை என்று நான் சொன்னேன். அந்தக் கடைசிக் கேள்வியை மறுபடியும் சொன்னேன். எத்தனை முறை சொன்னாலும் அது அவர்கள் காதில் ஒரு காரணமாகவே விழவில்லை. எல்லாவற்றிலும் அவர்களுக்குப் புரிந்தது பொட்டு ஒன்றுதான். அதனால் அதையே பிடித்துக்கொண்டார்கள்.  அம்மா கண்மைப் புட்டியை எடுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் விடியலில் சன்னல் பக்கம் அப்பா தனியாக முணுமுணுப்பது கேட்டது. தூக்கக் கலக்கத்தில் வானொலி என்று நினைத்தேன். “சார், மை டாட்டர் குட். வெரி குட். பிளாக் ஒன், மதர் மிஸ்டேக்.” நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. “சார், மை டாட்டர் குட்.”

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை பள்ளியில் கூடுதல் வகுப்பு. முடிந்து வீட்டுக்கு வந்தால், நடைவழியில் வழக்கத்தைவிடப் பலமாகத் தின்னர் வாடை. கதவு திறந்திருந்தது. அப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, பூட்ஸ் மாட்டிய காலோடு, வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லை. தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் என் ஆறு பேர்.

யாருக்கும் முகம் இல்லை.

அவர்கள் இருவரும் பள்ளிக்கே நேரில் போய்ப் பேசுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். பொட்டைத் துடைத்துச் சுத்தமாகக் கொண்டுபோய்க் காட்டினால் மறுபடி பார்ப்பார்கள் என்று. அம்மா முதலில் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். மை கரைந்து கன்னம் முழுக்கப் பரவியிருக்கிறது. கப்பல் சாயத்தையே கழற்றுகிற தின்னர் வீட்டில் இருக்கிறதே, அப்பாவின் தோலில், பூட்ஸில், கைக்கடிகாரத்தில் விழுந்த சாயத்தை எல்லாம் அது எடுத்திருக்கிறதே. பஞ்சில் ஒரு சொட்டு விட்டு ஒவ்வொரு கன்னமாகத் துடைத்திருக்கிறார். தோலையும் இரும்பையும் ஒன்றும் செய்யாத தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் சாயத்தோடு மூக்கும் வாயும் கண்ணும் குழைந்து வழிந்து, மெழுகுவத்தி முனை மாதிரி ஆகிவிட்டன. ஒன்று கெட்டதும் நிறுத்தியிருக்கலாம். பயத்தில், அடுத்ததாவது சரியாக வரும் என்று, ஆறையும் துடைத்துவிட்டார்.

“பொட்டு மட்டும்தான்டி போவும்னு நெனச்சேன்” என்றார் அம்மா.

அப்பா அன்று அவரைத் திட்டவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு, சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தார். நான் துளையானைக் கையில் எடுத்தேன். முகம் இன்னும் இளகலாக இருந்தது. என் விரல்ரேகை அதில் பதிந்தது.

*

அதன்பிறகு நம் பள்ளிக்கு வந்தேன், உங்களையெல்லாம் பார்த்தேன். பின்வரிசையில் காலாட்டி மேசையை ஆட்டுகிறவள் என்று என்னைப் பற்றிப் புகார் சொன்னவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு நம் பள்ளியில் குறையொன்றும் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், இப்போது கப்பலுக்குள் ஓடும் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை. பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அதே முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

ஆறு பேரும் டின்னோடு, நாங்கள் வீடு மாறியபோது எங்கோ தொலைந்து போனார்கள். மாடிக்கடையும் இல்லை. அங்கே இப்போது முதுகுப்பைப் பயணிகளுக்குப் படுக்கை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வழியாகப் போனால் இன்னும் சங்கிலிகளைத் தட்டிக்கொண்டுதான் போகிறேன்.

அப்பா வாய்க்குள் ஒத்திகை பார்த்த அந்த ஆங்கிலத்தை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பு படித்த மனிதர், சம்பளமில்லா விடுப்பு எடுத்து, ஒரு பள்ளி முதல்வர் முன்னால் போய் நிற்கத் துணிந்திருக்கிறார், ஈ மூஞ்சியில் பெயின்ட் அடிக்கிற புள்ளைக்காக. அதைப் போலவே நினைப்பது அம்மாவை. என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் ஒரு மை வையுங்கள் என்றார்கள். அம்மா வைக்கவில்லை. “எனக்குக் கை சரிப்படாது, நீங்க வைங்க” என்று நகர்ந்துகொண்டார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

போன வருடம் மாவுபோல இருக்கும் பிசின் ஒன்றை வாங்கினேன். அதன் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும். அதற்குள் ஊசி முனையால் முகம் கொண்டுவர வேண்டும். மறுபடி தைலப் புட்டி மூடி. மறுபடி மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே வேலை. கெடுத்துக் கெடுத்து ஆறு பேரைச் செய்திருக்கிறேன். எந்தப் பெட்டியிலும் வந்தவர்கள் இல்லை. ஒருத்தி கையில் சாயம் பீய்ச்சும் துப்பாக்கி. ஒருவனுக்கு முதுகில் துண்டு கிடையாது, பறப்பதற்குத் தடுக்கும் என்பதால். பச்சை அங்கிக்காரனும் இருக்கிறான்.

மேசையில் அவர்களைப் பார்த்த அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவனைத் தலைகீழாகத் திருப்பிப் பாதத்தைப் பார்த்தார். அங்கே எந்த முத்திரையும் இல்லை.

“ஆளும் நீயே செஞ்சதா?”

“ஆமாப்பா.”

“அப்ப ஒண்ணும் கேக்க மாட்டான்” என்று சொல்லி நேராக நிறுத்தினார். இத்தனை வருடம் அந்தக் கேள்வி அவரிடமும் இருந்திருக்கிறது.

ஜொகூரில் ஒருவர் இப்படிப்பட்ட உருவங்களுக்கு ரப்பர் அச்செடுத்து வார்த்துக் கொடுக்கிறார், நம்மவர்தான். போன சனிக்கிழமை ஆறு பேரையும் பஞ்சில் வைத்து எல்லைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். நேற்று மாலை ஃபோன் செய்தார். அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையில் வேறு வேலை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“ஒரு விஷயம் மா. ஆறு பேருக்கும் இடது கன்னத்துல சின்னதா ஒரு மேடு இருக்கு. காத்துக் கொப்புளமான்னு தெரியல. தேச்சு எடுத்துடவா? அச்சு ஊத்திட்டா அப்புறம் மாத்த முடியாது. அதுல வர்ற ஒவ்வொண்ணுலயும் இருக்கும்.”

“எடுக்காதீங்க அண்ணே. நான் வச்சதுதான். அது இருக்கணும்.”

“சரி லா, உங்க ஆளு.”

அம்மாவின் கை கீரைத் தண்டில் நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

“பொட்டா?”

“ஆமாம்மா.”

அந்தத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார். பிறகு கேட்டார். “தொடச்சா போவாதுல்ல?”

“எதால தொடச்சாலும் போவாது.”

வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவேன் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மீதி நாள் இவர்களுக்கு. பிள்ளையின் நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்டவளுக்கு என் பதில் ஒன்றே ஒன்று: அவனே செய்தது எதுவானாலும், எவ்வளவு சின்னதானாலும், கொண்டுபோகட்டும். கன்னத்துப் பொட்டைப் பற்றி உன் அக்கா முடிவு செய்யட்டும். இன்று காலை ஜொகூரிலிருந்து படம் வந்தது. அச்சு ஊற்றியாகிவிட்டது.